சூட்டுக்கு நிறம் மாறும் நூல்: வீட்டில் செய்ய முடியுமா?

பெரம்பூரிலிருந்து ஒரு கேள்வி:
"என் பெண் டிப்ளமோவில் டெக்ஸ்டைல் படிக்கிறாள். சூட்டுக்கு நிறம் மாறும் நூல் செய்து காட்டுகிறேன் என்று ப்ராஜெக்ட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கலர் மாறும் பிக்மென்ட் பொடியாகவே கிடைக்கிறது, அதை நூலில் பூசினால் போதாதா என்றால், இல்லை, திரவப் படிகம்தான் வேண்டும் என்கிறாள். இரண்டும் ஒன்றுதானே? வீட்டில் முடிகிற வேலையா?"

9 ஏப்ரல், இரவு 10.40

ஒன்றில்லை. பெண் சொல்வதுதான் சரி.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் டி-ஷர்ட்டுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறவன். அந்தப் பொடியில் கை சுட்டவன். ஒரு கல்லூரி விழாவுக்கு 120 சட்டை ஆர்டர். 31 டிகிரியில் நிறம் போகும் பிக்மென்ட், அதுதான் சந்தையில் சுலபமாகக் கிடைக்கும். ஜனவரியில் மாதிரி அடித்துக் காட்டினேன். கையை வைத்தால் எழுத்து மறையும், எடுத்தால் வரும். பையன்கள் குதித்தார்கள். மொத்த ஆர்டரையும் ஏப்ரலில் அனுப்பினேன். பெட்டியைப் பிரித்ததும் போன்: "அண்ணே, வெறும் சட்டை அனுப்பிட்டீங்க."

ஏசி ஹாலில் கொண்டுபோய் விரித்துப் பாருங்கள் என்றேன். எழுத்து வந்தது. வெளியே கொண்டுவந்தார்கள், போய்விட்டது. பணம் பாதிதான் வந்தது.

அதனால் முதலில் கேட்க வேண்டியது எந்த நிறம் என்பதல்ல, எத்தனை டிகிரி என்பது. அதிலும் நம் ஊரில்.

10 ஏப்ரல், காலை 6.15

நேற்று தூக்கக் கலக்கத்தில் கதையைச் சொல்லிவிட்டு விஷயத்தை விட்டுவிட்டேன்.

கடைப் பொடியில் இருப்பது சாயம். சாயம், அதற்கு நிறம் வரவைக்கும் ஒரு அமிலம், மெழுகு மாதிரி உறைகிற ஒரு கொழுப்பு ஆல்கஹால், மூன்றையும் கண்ணுக்குத் தெரியாத உறைக்குள் அடைத்திருப்பார்கள். மெழுகு உறைந்திருந்தால் சாயமும் அமிலமும் சேர்ந்திருக்கும், நிறம் தெரியும். உருகினால் பிரிந்துவிடும், நிறம் போய்விடும். உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

திரவப் படிகத்தில் சாயமே கிடையாது. எங்கள் தெருவில் பழைய வீடுகளின் பின்பக்கம் இரும்புச் சுழல் படிக்கட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். மூலக்கூறுகள் அப்படித்தான் அடுக்கடுக்காக, ஒவ்வொரு அடுக்கும் கீழ் அடுக்கைவிடக் கொஞ்சம் திரும்பி நிற்கின்றன. ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு உயரம் என்பதுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. அந்த உயரத்தை ஒளிவிலகல் எண்ணால் (பொருளுக்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகிறது என்ற கணக்கு) பெருக்கினால் திரும்பி வரும் ஒளியின் அலைநீளம். ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5. சுற்றின் உயரம் 400 நானோமீட்டர் என்றால் 600, செம்மஞ்சள். 300 என்றால் 450, நீலம். சூடு மாறினால் படிக்கட்டு நெருங்கும் அல்லது நெகிழும், நிறம் வழுக்கிக்கொண்டே போகும். சூடேற ஏற நீலம், பச்சை, சிவப்பு என்று வரிசையாக வரும்.

பொன்வண்டின் முதுகிலும் இதே சங்கதிதான்.

10 ஏப்ரல், மதியம்

நூல் கருப்பாக இருக்க வேண்டும், எழுத மறந்தேன். திரவப் படிகம் ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும், மிச்ச ஒளி உள்ளே போய்விடும். அடியில் வெள்ளை இருந்தால் அந்த மிச்சமும் திரும்பி வந்து எல்லாவற்றையும் வெளுத்துவிடும். மழை நின்றதும் தார் ரோட்டில் டீசல் சிந்தியிருந்தால் வானவில் தெரிகிறது, அதே டீசல் வெள்ளை டைல்ஸில் சிந்தினால் வெறும் அழுக்கு. அது வேறு வகை நிறம், ஆனால் கருப்பின் வேலை ஒன்றே.

13 ஏப்ரல்

கொளத்தூரில் வண்ணமீன் கடைகளில் தொட்டிக்கு வெளியே ஒட்டுகிற வெப்பமானிப் பட்டை கிடைக்கும். ஒன்று வாங்கி வந்து பின்பக்கக் கருப்பை பிளேடால் சுரண்டினேன். மெதுவாகச் சுரண்ட வேண்டும், அழுத்தினால் படிகப் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். பாதி கருப்பு, பாதி கண்ணாடி மாதிரி. வெதுவெதுப்பான டம்ளரில் ஒட்டினால் கருப்பு இருக்கும் பாதியில் பச்சை பளிச்சென்று வருகிறது. சுரண்டிய பாதிக்கு அடியில் வெள்ளைத் தாள் வைத்தால் ஒன்றுமே இல்லை, லேசான பால் நிறம். தாளை உருவிவிட்டு என் கருப்பு செல்போனை அடியில் வைத்தேன். பச்சை திரும்பி வந்தது.

பெண்ணுக்கு இதை முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள். புறத்தேர்வாளர் என்ன கேட்டாலும் இதுவே பாதி பதில்.

13 ஏப்ரல், இரவு

வியாசர்பாடி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "வரிசையைத் தலைகீழாகச் சொல்லிவிட்டீர்கள். சூடேறினால் முதலில் சிவப்பு, கடைசியில் நீலம்."

அவர் சொல்வதுதான் சரி. மானம் போச்சு. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு டப்பா படிக மையை ஹீட் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் வைத்து ஆற ஆற வேடிக்கை பார்த்தது மனதில் இருந்தது. ஆறும்போது பார்த்ததைச் சூடேறும்போது என்று எழுதிவிட்டேன். குளிர்ந்தால் மூலக்கூறுகள் திருகலை விட்டுவிட்டு நேராக அடுக்கப் பார்க்கும், படிக்கட்டு நெகிழ்ந்து நீளும், அதனால் குளிர்ப் பக்கம் சிவப்பு. சூட்டில் திருகல் இறுகும், நீலம். அதையும் தாண்டினால் சாதாரணத் திரவமாகிவிடும், அடியில் இருக்கும் கருப்புதான் தெரியும்.

சிவப்பு என்றால் சூடு என்று வெந்நீர்க் குழாய்க்குச் சிவப்பு வளையம் மாட்டிப் பழகிவிட்டோம். கேஸ் அடுப்பின் நீலத் தீயை நினைத்துக்கொள்ளுங்கள்.

19 ஏப்ரல்

கேள்விக்கு வருவோம், வீட்டில் முடியுமா?

மூன்று பொருள் வேண்டும்: கொலஸ்டெரில் ஒலெயில் கார்பனேட், கொலஸ்டெரில் பெலார்கனேட், கொலஸ்டெரில் பென்சோவேட். ரசாயனக் கடைகள் இருக்கும் நைனியப்ப நாயக்கன் தெருவில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொலஸ்ட்ரால் மாத்திரை எல்லாம் மெடிக்கல்ல கேளுங்க சார்" என்றார். கடைசியில் கல்லூரியில் வேதியியல் எடுக்கும் நண்பன் தன் ஆய்வகத்தில் வைத்தே கலக்க விட்டான். ஒவ்வொன்றிலும் ஒரு கிராமுக்குக் கீழேதான் செலவு. ஆனால் அந்த ஒரு கிராமின் விலைக்கு நான் ஒரு டின் பிளாஸ்டிசால் (சட்டைக்கு அடிக்கிற மை) வாங்கிவிடுவேன்.

பயிற்சி ஆய்வகங்களில் புழங்குகிற அளவு இது, மேலே சொன்ன வரிசையில்:
0.65, 0.25, 0.10 கிராம் என்றால் 17 முதல் 23 டிகிரிக்குள் நிறம் ஓடும்.
0.45, 0.45, 0.10 என்றால் 26.5 முதல் 30.5.
0.30, 0.60, 0.10 என்றால் 37 முதல் 40.

பென்சோவேட் அசையாமல் நிற்க, முதல் இரண்டும் தராசு மாதிரி ஏறி இறங்குகின்றன. சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு ஹீட் கன்னால் தண்ணீர் போலத் தெளியும் வரை உருக்கி, கலங்காமல் சுழற்றி, ஆறவிட வேண்டும். ஆறும்போது குப்பியின் ஓரத்திலிருந்து ஊதா எட்டிப் பார்க்கும், பிறகு நீலம், பச்சை. நண்பனுக்குப் பாடம் எடுக்கிற பழக்கம், ஏதோ விளக்கிக்கொண்டே இருந்தான். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

என் சட்டைக் கதைக்கு மருந்து இந்தப் பட்டியலில் இருக்கிறது. ரிவ்யூ 24 டிகிரி ஏசி அறையில் என்றால் நடு அளவு எடுங்கள், விரல் பட்டாலே ஓடும். மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே என்றால் நடு அளவு எந்நேரமும் செத்துக் கிடக்கும். அறையே 34, 35 டிகிரியில் இருக்கும், விரலுக்கும் காற்றுக்கும் வித்தியாசமே இருக்காது. அப்போது 37 முதல் 40 அளவும், ஒரு டம்ளர் சூடான காபியும்.

20 ஏப்ரல்

"கொலஸ்ட்ரால் என்றால் அசைவமா?" என்று ஒருவர். தொழிலுக்கு வரும் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் பிசுக்கிலிருந்து பிரிப்பது. நூலுக்கான சரக்கு நூலிலிருந்தே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் திரவப் படிகம் முதலில் பிடிபட்டது கேரட்டில். 1888-ல் பிராகில் ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ராலில் பென்சோவேட் செய்து உருக்கினார். அது இரண்டு முறை உருகியது: 145.5 டிகிரியில் கலங்கலாக, 178.5-ல் தெளிவாக. புரியாமல் ஜெர்மன் இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்குக் கடிதம் எழுதினார், அங்கே ஆரம்பித்ததுதான் திரவப் படிகம் என்ற பேச்சு. நம் பக்கத்திலும் ஆள் உண்டு. சி.வி.ராமனின் சகோதரி மகன் எஸ்.சந்திரசேகர், பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்தில் 1977-ல் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார். அதுவரை குச்சி வடிவத்துக்குத்தான் அந்த யோகம் என்று நினைத்திருந்தார்கள்.

நூலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். கேட்டார்கள், சொன்னேன்.

27 ஏப்ரல், ஞாயிறு முழுக்க இதே வேலை

குப்பியில் நிறம் வருவது சுலபம், நூலில் நிற்க வைப்பதுதான் பாடு. அது தேன் பதத்தில் இருக்கும் திரவம். நூலில் தடவினால் விரலோடு வந்துவிடும்.

முதல் முயற்சி: மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் ஏற்றி இரு முனையையும் சூடு வைத்து மூடினேன். முதல் நாள் அருமை. மூன்றாம் நாள் நிறம் வர அதிகக் குளிர் தேவைப்பட்டது, ஒரு வாரத்தில் எதுவுமே வரவில்லை. குழாயை வளைய வைக்கும் எண்ணெய் படிகத்தில் ஊறி இறங்கிவிட்டது. இதில் எது கலந்தாலும் கணக்கு மாறிவிடும்.

இரண்டாவது: பிவிஏ (தண்ணீரில் கரையும் ஒரு பசை) கரைசலில் படிகத்தை விட்டு வேகமாகக் கலக்கினால் பொடித் துளிகளாகப் பிரியும். ஸ்கிரீன் எமல்ஷனில் பழகிய கை, அது வந்துவிட்டது. அதில் கருப்புப் பருத்தி நூலை முக்கிக் காயவிட்டேன். காய்ந்தால் பிவிஏ சுருங்கித் துளிகளை அமுக்கித் தட்டையாக்கும், அப்போது படிக்கட்டுகள் எல்லாம் மேல் நோக்கி நிற்கும், நிறம் தெளியும். ஆனால் பருத்தியின் பிசிறு கெடுத்தது. சாம்பல் பூத்த மயில் கழுத்து மாதிரி ஒரு மங்கல்.

மூன்றாவது: காசிமேட்டில் வாங்கிய கருப்பு நைலான் தூண்டில் நரம்பு. வழவழப்பு, நிறம் பளிச். ஆனால் உருண்டை. ஒளி படும் நடுக்கோட்டில் மட்டும் முடி அகலத்துக்கு ஒரு பச்சை ஓடுகிறது, இருபுறமும் கருப்பு. திருப்பினால் கோடும் கூடவே திரும்புகிறது. தனியாகப் பார்க்க அழகு. நெய்தால் யாருக்கும் தெரியாது.

28 ஏப்ரல், காலை 5.50

நூல் உருண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஜிகினா தட்டைதானே!

1 மே

விடுமுறை, கடை மூடியிருந்தது. கருப்பு பாலியெஸ்டர் ஃபிலிம் ஒரு தாள். அதன் மேல் படிகத் துளி கலந்த பிவிஏவை ஸ்க்வீஜியால் (மை இழுக்கும் ரப்பர் பட்டை) ஒரே இழுப்பு. நிழலில் காயவிட்டு மேலே தெளிவான ஃபிலிமை ஒட்டி, இரும்பு ஸ்கேல் வைத்து பிளேடால் 1 மில்லிமீட்டர் பட்டையாக நறுக்கினேன். ஜிகினா வேலைக்கு ஃபிலிமை வெட்டுவதும் இப்படித்தான், அவர்களிடம் மெஷின் இருக்கிறது, என்னிடம் கழுத்து வலி. வெட்டிய ஓரத்தில் ஒழுகவில்லை, துளிகள் பிவிஏவுக்குள் தனித்தனியாக மாட்டியிருக்கின்றன. மேல் ஃபிலிம் வியர்வையைத் தடுக்கும். துவைத்தால் தாங்காது, வெயிலில் போட்டால் நாளடைவில் செத்துவிடும். ப்ராஜெக்ட்டுக்கு இது போதும்.

நெடுக்கே பாவில் கருப்பு நூல், குறுக்கே ஊடையில் இந்தப் பட்டை. அட்டையில் ஆணி அடித்து உள்ளங்கை அளவு நெய்தேன். 37 டிகிரி அளவு. காபி டம்ளரைச் சுற்றிப் பிடித்தேன். டம்ளர் தொட்ட இடம் நேரே நீலத்துக்குத் தாவியது, சுற்றிலும் பச்சை, அதற்கு வெளியே சிவப்பு வளையம், அதற்கப்பால் கருப்பு. டம்ளரை எடுத்ததும் சிவப்பு வளையம் உள்நோக்கிச் சுருங்கி நடுவில் ஒரு புள்ளியாகி அணைந்தது. பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன். காபி ஆறிவிட்டது.

2 மே

"பெரிய ஆய்வகங்களில் எப்படிச் செய்கிறார்கள்?" மின்புல நூற்பு என்று ஒன்று. ஊசிக்குள் ஊசி வைத்து, நடுவில் படிகம், வெளியே பாலிமர் கரைசல். ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்தால் மயிரிழையைவிட மெல்லிய இழையாக இழுத்துக்கொண்டு போகும், உறைக்குள் படிகத்தோடு. ஈவா என்ஸ், யான் லாகர்வால் என்ற ஆய்வாளர்கள் 2010-ல் இதே திருகல் வகையை (கொலஸ்டெரிக் என்று பெயர்) பிவிபி என்ற பாலிமர் உறைக்குள் வைத்து இழுத்துக் காட்டினார்கள். வீட்டில் அந்த வோல்டேஜைத் தொடாதீர்கள். தவிர, பிவிபி தண்ணீரில் கரையும். ராயபுரத்து ஈரக் கடற்காற்றில் அதை நெய்து யார் போடுவது?

லாகர்வால் குழு 2022-ல் வெளியிட்டது வேறு ரகம்: ரப்பர் மாதிரி இழுபடும் படிக இழை. அது இழுத்தால் நிறம் மாறும், சிவப்பிலிருந்து நீலம் வரை. துணியில் தைத்தும் காட்டியிருக்கிறார்கள். பெண் அடுத்த வருஷத்துக்கு யோசிக்கலாம்.

6 மே

பொன்வண்டு விஷயத்தில் நானே என்னைத் திருத்த வேண்டியிருக்கிறது.

திருகல் ஒரே பக்கமாகச் சுற்றுவதால், திரும்பி வரும் ஒளியும் ஒரு பக்கமாகச் சுழன்றுகொண்டு வரும். வட்ட முனைவாக்கம் என்று பெயர். 3டி படம் பார்க்கத் தருகிற கண்ணாடி பெரும்பாலும் இதை வைத்துத்தான் வலது கண்ணையும் இடது கண்ணையும் பிரிக்கிறது. வீட்டில் ஒன்று கிடந்தது (எப்படி வந்தது என்று கேட்க வேண்டாம்). ஒரு கண்ணை மூடிப் பட்டையைப் பார்த்தால் பச்சை ஜொலிக்கிறது, கண்ணை மாற்றினால் இருட்டு. அண்ணன் மகன் என்னவோ மாயம் என்று தெருவுக்கே காட்டிவிட்டு வந்தான்.

அதே கண்ணாடியில் சின்ன வயதுத் தீப்பெட்டியிலிருந்து மிஞ்சிய பொன்வண்டுச் சிறகு ஒன்றைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் ஒரே பச்சை. அதில் திருகல் இல்லை, வெறும் அடுக்குகள்தான். திருகல் உள்ளவை வேறு சில வண்டுகள், 1911-லேயே மைக்கல்சன் ஒன்றைக் கண்டுசொல்லியிருக்கிறார். ஏப்ரல் 10 குறிப்பில் அந்த வரியை அடித்துவிட்டுப் படியுங்கள்.

18 மே

காசிமேட்டில் என் அத்தை மீன் விற்கிறார். எனக்கு ஒரு யோசனை: மீன் பெட்டியில் இந்தப் பட்டையைக் கட்டிவிட்டால் ஐஸ் போதுமா இல்லையா என்று நிறமே சொல்லும். மீனுக்கு வேண்டியது 4, 5 டிகிரிக்கும் கீழே, என்னிடம் இருப்பதில் குளிரானது 17 முதல் 23. சரி, மாதிரிக்குக் காட்டுவோம் என்று எடுத்துப் போனேன். ஐஸில் வைத்தேன், கருப்பு. வெளியே பலகையில் வைத்தேன், சிவப்பு வந்து பச்சை வந்து நீலத்துக்கு ஓடியது.

அத்தை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பட்டையை எடுத்து மறுபடி ஐஸில் செருகினார். கருப்பு.

"இன்னாடா இது? வர்ற வழியில ஐஸ் கரைஞ்சு மீன் வெந்து போயிருக்கும். எறக்கச் சொல்லோ வண்டிக்காரன் நாலு கூடை ஐஸைக் கொட்டுவான். உன் நூலு ஒண்ணுமே நடக்கலன்ற மாரி நிக்கும். இது எனக்கா சாட்சி, அவனுக்கா?"

எனக்குப் பதில் இல்லை. இத்தனை நாள் இதன் பெருமை என்று நினைத்ததே அதுதான், எத்தனை முறை ஏறி இறங்கினாலும் அலுக்காமல் அதே நிறத்துக்குத் திரும்பும் என்று.

"மீனுக்கு செவுளு இருக்குது, அத்தப் பாரு. மாறுனா மாறுனபடி நிக்கிற நூலு இருந்தா கொண்டா."

25 மே

பெரம்பூர்க்காரர் எழுதியிருக்கிறார், ரிவ்யூ முடிந்ததாம். ஏசி ஹால் என்று சொல்லி நடு அளவில் பட்டை செய்திருக்கிறார்கள். அன்றைக்குக் கரண்ட் இல்லை. துணி காலையிலிருந்தே கருப்பு. பெண் கேன்டீனிலிருந்து ஒரு கிளாஸ் ஐஸ் தண்ணீர் வாங்கி வந்து துணி மேல் வைத்திருக்கிறாள். வெளியிலிருந்து நீலம், பச்சை, சிவப்பு என்று உள்ளே வந்ததாம். எனக்குத் தோன்றியிருக்காது.

8 ஜூன்

அத்தை சொன்னது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நிறம் மாறிய பிறகு திரும்பாத நூல். அதற்குப் படிகம் வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிவாக்கில் உறையும், மார்கழியில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது. எண்ணெயில் கரையும் சிவப்புச் சாயத்தைக் கலந்து, ஃபிரிட்ஜில் உறையவைத்து, மிளகளவு எடுத்து வெள்ளைப் பருத்தி நூலின் ஒரு முடிச்சில் அப்பினேன். ஐஸில் இருக்கும்வரை முடிச்சு மட்டும் சிவப்பு. வெளியே எடுத்த நாலு நிமிஷத்தில் உருகி நூலெல்லாம் ஏறிவிட்டது. மறுபடி ஐஸில் போட்டாலும் ஏறியது ஏறியதுதான்.

அத்தையிடம் காட்டினேன். நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நல்லாக்குது. ஆனா இது செவக்கறதுக்குள்ள மீனு கருவாடாயிரும்டா."

5 டிகிரியில் உருகுகிற கொழுப்பு எது என்று நண்பனைக் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் எழுதுகிறேன்.